டீனகாவின் மூவாயிரம் மீட்டர்

சான் ஹோசே,
24 ஜனவரி 1986

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

பத்திரமாக வந்து சேர்ந்தோம். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் இரண்டு பேரும் போனை எடுத்தால் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் சண்டை வந்து சேரவே ஐந்து நாளாகும்.

முதலில் விஷயம். டீனகா ஜெயித்துவிட்டாள்! வெள்ளிக்கிழமை உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சனிக்கிழமை காலை கிளம்பினோம் அல்லவா, அப்ஸ்டேட் நியூயார்க் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. ஞாயிறு காலை பந்தயம். அப்படி ஒரு குளிர். மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மூவாயிரம் மீட்டர் என்றால் ஐஸ் மைதானத்தில் ஏழரைச் சுற்று. இரண்டிரண்டு பேராக விடுவார்கள். பக்கத்தில் ஓடுகிறவளை ஜெயித்தால் போதாது, கடிகாரத்தை ஜெயிக்க வேண்டும். கடைசியில் யாருடைய நேரம் குறைவோ அவளுக்குத்தான் முதலிடம். ஆறாவது சுற்றில் எல்லோருக்கும் கால் கனக்கும், வேகம் குறையும். இவளுக்கு அன்றைக்குக் குறையவே இல்லை. ஒரு கையை முதுகில் மடித்துக்கொண்டு, குனிந்தவள் நிமிராமல் வந்தாள். எனக்கு ஸ்கேட்டிங் தெரியாது, கடிகாரம்தான் தெரியும். மில்வாக்கியில் படிக்கும்போது அந்த ஐஸ் மைதானத்தின் நேரம் காட்டும் கருவியை ரிப்பேர் பண்ணப் போய்த்தானே இவளைப் பார்த்தேன்? அதனால் சொல்கிறேன், முப்பது வயதுக்காரி ஓடுகிற நேரம் இல்லை அது.

ஜெயித்தவர்களை வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனைக்கு உட்கார வைத்தார்கள். அந்தக் குளிரில் அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று.

அடுத்த வருஷம்தான் அவளுக்குக் கடைசி வருஷம். ஐரோப்பியப் பட்டம் இரண்டு தடவை வாங்கியவள், உலகப் பட்டத்தில் மூன்று தடவை இரண்டாவதாக வந்திருக்கிறாள். அந்த ஒன்றுதான் பாக்கி. "இந்தக் கால் இப்படியே இருந்தால் கிடைக்கும்" என்கிறாள்.

எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டதற்கு நன்றி. இரண்டரை வருஷம் கழித்து என்றாலும் கூப்பிட்டாய்.

பசுபதி

*

எடிசன், நியூ ஜெர்சி,
3 பிப்ரவரி 1986

சிரஞ்சீவி பசுபதிக்கு ஆசீர்வாதம்.

"இரண்டரை வருஷம் கழித்து என்றாலும்" என்று கடைசியில் ஒரு ஊசி குத்தாமல் உனக்குக் கடிதத்தை முடிக்க வராது. உன் கல்யாணத்தன்று மீனாக்ஷிக்கு ஜுரம். அதை அப்போதே சொல்லியாகிவிட்டது. குழந்தையை நூற்றிரண்டு டிகிரியில் போட்டுவிட்டு பிட்ஸ்பர்க் கோயிலுக்கு ஆறு மணி நேரம் யார் டிரைவ் பண்ணுவார்கள்? அதை இனி எடுக்காதே.

உன் டச்சுக்காரி ஜெயித்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். உன் அத்திம்பேர் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மீனாக்ஷி ஸ்கூலில் டிராயிங் போட்டுக் காட்டினாளாம். டீச்சர் நம்பவில்லை. "அம்மா, ஷீ ஈஸ் ரியலி மை ஆன்ட்டி, ரைட்?" என்று என்னைக் கேட்கிறாள். ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நாளாயிற்று என்று உனக்குத்தான் தெரியும்.

நிஜத்தைச் சொன்னால் நான் பயந்துகொண்டுதான் சமைத்தேன். ரொட்டியும் சீஸும் சாப்பிடுகிறவள், நம் சாப்பாட்டை மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளிவைத்தால் என்ன செய்வது என்று. அவளோ சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். பாயசத்தை மூன்று கிண்ணம்! மிச்சத்தை ஃபிளாஸ்கில் வேறு ஊற்றிக்கொண்டு போனாள். ஓடுகிற பெண் இப்படித்தான் சாப்பிடுவாள் போலிருக்கிறது. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது என்று எழுதினால் நீ ஃப்ரேம் போட்டு மாட்டிவிடுவாய், அதனால் எழுதவில்லை.

லேபில் எனக்கு இந்த மாதம் காலை ஷிஃப்ட். ஆஸ்பத்திரி ரத்தத்தையும் மூத்திரத்தையும் பார்த்துப் பார்த்தே கண் பூத்துவிட்டது. ஏப்ரலில் லீவு எடுத்துக்கொண்டு சான் ஹோசே வரலாமா என்று அத்திம்பேர் கேட்கிறார். இடம் இருக்குமா?

ஷ்யாமளா

*

சான் ஹோசே,
24 பிப்ரவரி 1986

அன்புள்ள அக்காவுக்கு,

ஏப்ரலைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இங்கே தலையில் இடி விழுந்திருக்கிறது.

நியூயார்க் பந்தயத்தில் எடுத்த பரிசோதனையின் முடிவு வந்திருக்கிறது. டீனகாவின் சிறுநீரில் மார்ஃபின் இருக்கிறதாம், வலி தெரியாமல் செய்கிற, பந்தயத்தில் தடைசெய்த மருந்து. கொஞ்சநஞ்சம் இல்லை, நல்ல அளவு; அவர்கள் அனுப்பிய காகிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அன்றைக்கே பிரித்து வைத்திருந்த இரண்டாவது பாட்டிலையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், அதிலும் இருக்கிறது. முதலிடத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அவள் எங்கேயும் ஓடக்கூடாது என்று ஹாலந்து ஸ்கேட்டிங் சங்கம் தந்தி அடித்துவிட்டது. விசாரணை நடக்கும். குற்றம் என்று முடிவானால் இரண்டு வருஷத் தடை. முப்பது வயதில் இரண்டு வருஷம் என்றால், அக்கா, எல்லாம் முடிந்தது என்று அர்த்தம்.

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தந்தியைப் படித்துவிட்டு கராஜுக்குப் போய் சைக்கிள் டயருக்குக் காற்று அடித்தாள். அங்கே பேப்பரில் அவள் போட்டோவைப் போட்டு "வலிமருந்துச் சாம்பியன்" என்று எழுதியிருக்கிறார்களாம். அவள் அப்பாவிடம் பால் வாங்குகிறவர்கள்கூடக் கேட்கிறார்களாம்.

அந்த வாரம் அவள் வாயில் போட்டது எல்லாவற்றையும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாக யோசித்தோம். அவள் ஆஸ்பிரின்கூடப் போட மாட்டாள். அதனால் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வெள்ளிக்கிழமை அவளுக்கு லேசாக இருமல் இருந்தது. நீ சமையலறையில் அவளுக்கு ஏதோ கொடுத்ததைப் பார்த்தேன். அது என்ன? இருமல் மருந்தா? ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மாத்திரையா? நீ நல்லதுக்குத்தான் செய்திருப்பாய். உண்மையைச் சொல்லிவிடு, போதும்.

பசுபதி

*

எடிசன்,
1 மார்ச் 1986

பசுபதிக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். "உண்மையைச் சொல்லிவிடு" என்று என் தம்பி எனக்கு எழுதியிருக்கிறான்.

உண்மை இதோ. நான் சமையலறையில் உன் மனைவிக்குக் கொடுத்தது மிளகும் மஞ்சளும் போட்ட பால். அதைத்தான் உனக்கும் பத்து வருஷம் கொடுத்திருக்கிறேன், நீ செத்துவிடவில்லை. மேஜையில் வைத்தது சாதம், சாம்பார், உருளைக்கிழங்குக் கறி, அவரைக்காய்ப் பொரியல், அப்பளம், ரசம், கசகசா பாயசம், தயிர். உப்பு, புளி, பெருங்காயம் எல்லாம் எழுதட்டுமா? அதையும் சங்கத்துக்கு அனுப்பு.

மாத்திரையாம்! பதினோரு வருஷமாக லேபில் வேலை பார்க்கிறவள் நான். டாக்டர் எழுதாமல் என் பெண்ணுக்கே ஒரு மாத்திரை கொடுத்ததில்லை. அதை ஆஸ்பத்திரியிலிருந்து திருடிக்கொண்டு வந்து உன் மனைவிக்குக் கொடுத்தேன் என்கிறாய். ஏன் கொடுத்தேன் என்றும் ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாயா? இருக்கும். நீ எழுதவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கு வந்த கஷ்டத்துக்காக நான் வருத்தப்படுகிறேன். அது வேறு. ஆனால் என் வீட்டு இலையில் சாப்பிட்டுவிட்டுப் போய் என் மேலேயே விரலை நீட்டுகிறவனோடு எனக்குப் பேச்சு இல்லை. ஏப்ரலில் வரவில்லை.

ஷ்யாமளா

*

சான் ஹோசே,
23 மார்ச் 1986

அக்காவுக்கு,

நான் கேட்டது தப்பாகவே இருக்கட்டும். கேட்காமல் எப்படி இருப்பது? போனை வைத்துவிட்டாய். அத்திம்பேர் எடுத்தாலும் "அவள் தூங்குகிறாள்" என்கிறார், சாயங்காலம் ஆறு மணிக்கு.

விசாரணை ஜூன் பத்தாம் தேதி, ஹாலந்தில். நான் போக முடியாது. கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் இருக்கிறது, இப்போது நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் ஐந்து வருஷக் காத்திருப்பு காற்றில் போய்விடும் என்று லாயர் சொல்கிறார். டீனகா ஓட்டமெல்லாம் முடிந்த பிறகு அப்ளை பண்ணலாம் என்று விட்டுவைத்திருந்தாள், அதனால் அவள் போகலாம். அவள் தனியாகப் போய் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து "எனக்குத் தெரியாது" என்று சொல்லப் போகிறாள். எல்லாத் திருடர்களும் சொல்வது அதைத்தான் என்று அவளே சொல்கிறாள்.

டீம் கோச் போன் பண்ணுவதை நிறுத்திவிட்டார். சைக்கிள் கம்பெனி ஒன்று அவள் படத்தைப் போட்டிருந்தது, எடுத்துவிட்டார்கள். ஆனால் காலையில் ஆறு மணிக்கு என் ஆபீஸ் பார்க்கிங் லாட்டுக்குப் போய்விடுகிறாள், கார்கள் வருவதற்கு முன்னால். சக்கரம் வைத்த ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு சுற்றுகிறாள். நான் ஸ்டாப் வாட்ச் பிடிக்கிறேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

உனக்குக் கோபம் தீரும்போது எழுது. தீராவிட்டாலும் எழுது.

பசுபதி

*

எடிசன்,
13 ஏப்ரல் 1986

அன்புள்ள பசுபதிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. டீனகாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

நான்தான். மாத்திரை இல்லை, மருந்து இல்லை. ஆனால் நான்தான்.

பத்து நாள் முன்னால் எங்கள் லேபுக்கு ஒரு பஸ் டிரைவரின் மாதிரி வந்தது. புது வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் போதைமருந்து டெஸ்ட் வைக்கிறார்கள். அந்த மனுஷனுக்கு மார்ஃபின் என்று வந்தது. அவர் நேரே லேபுக்கே வந்து கத்தினார். "நான் காலையில் இரண்டு பேகல் ரொட்டி சாப்பிட்டேன், அதைத் தவிர ஒன்றும் தெரியாது" என்று. எல்லோரும் சிரித்தோம். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "பேகல் மேலே தூவுவது பாப்பி விதை. அபினிச் செடியின் விதை. அதில் கொஞ்சம் மார்ஃபின் ஒட்டிக்கொண்டிருக்கும், இப்போதுதான் இதைப் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன" என்றார்.

நான் கேன்டீனில் போய் அந்த பேகலை வாங்கிப் பார்த்தேன். பதினோரு வருஷமாகப் பார்க்கிற அதே கறுப்பு விதை. எள்ளுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் ஒன்றை நகத்தால் கிள்ளிக் கடித்துப் பார்த்தேன். பசுபதி, நாக்குக்குத் தெரிந்துவிட்டது. நம் கசகசா வெள்ளை, இவர்களுடையது கறுப்பு. கடைப் பாக்கெட்டில் "கஸ் கஸ்" என்று இங்கிலீஷில் போட்டிருப்பான், அதற்கு மேல் நான் படித்ததில்லை. வீட்டுக்கு வந்து அத்திம்பேரின் அகராதியை எடுத்துப் பார்த்தேன். கசகசா, பாப்பி விதை. அவ்வளவுதான், ஒரு வரி. லேபில் வேலை பார்க்கிறவள், தினமும் கேன்டீனில் அந்தப் பேரைப் படிக்கிறவள், என் அடுக்களை டப்பாவில் இருப்பது அதுதான் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அதன் பிறகு ஒரு வாரம் உனக்கு எழுதாமல் இருந்தேன். வெட்கம். உன்னைத் திட்டிய திட்டெல்லாம் திரும்பி வந்து என்னைக் கேட்டது. நிச்சயமாகத் தெரிந்துகொண்டு எழுதலாம் என்று எனக்கே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டேன்.

டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "செய், சாப்பிடு, நானே மாதிரியை வாங்கிக்கொள்கிறேன்" என்றார். அன்று போட்ட அளவே போட்டுப் பாயசம் செய்தேன். ராத்திரி மூன்று கிண்ணம் சாப்பிட்டேன், மறுநாள் மிச்சத்தைச் சாப்பிட்டேன், அடுத்த நாள் காலை பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். டீனகாவுக்கு வந்த அளவுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். அத்திம்பேர், "மார்ஃபின் ரிப்போர்ட்டில் உன் பேர் இருக்கே, உனக்கு வேலை போனால் என்ன பண்ணுவே?" என்று கேட்டார். "போனா போகட்டும்" என்றேன்.

அவளிடம் நீயே சொல். எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா

*

சான் ஹோசே,
25 ஏப்ரல் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்து மொழிபெயர்த்துச் சொன்னேன். டீனகா ரிப்போர்ட்டை வாங்கி எண்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு அப்படி ஒரு சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதாள். தந்தி வந்து இரண்டு மாதம் கழித்து இப்போதுதான் அழுகிறாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான் உனக்கு எழுதிய கடிதத்துக்கு மன்னித்துவிடு. இதற்கு மேல் அழகாக எழுதத் தெரியவில்லை.

ஹாலந்து வக்கீல் ஃபேக்ஸில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நல்ல ஆயுதம் என்கிறார். ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, காகிதம் போதாது. சமைத்தவர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது, சங்கத்தின் கெமிஸ்ட் இந்தியச் சமையல் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். ஆறு பேர் பாயசத்துக்குப் போடுகிற கசகசாவில் இவ்வளவு மார்ஃபின் வரவே வராது என்கிறார். அது சரியென்றால் நம் கதை பொய் என்று ஆகிவிடும். நீ எவ்வளவு போட்டாய்? அதை வக்கீலுக்கு எழுத வேண்டும்.

உனக்கு சிட்டிசன்ஷிப் இருக்கிறது. நீ போக முடியுமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பசுபதி

*

எடிசன்,
2 மே 1986

பசுபதிக்கு,

போகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மீனாக்ஷியை அத்திம்பேர் பார்த்துக்கொள்வார். அவர் சமையலைச் சாப்பிட்டு இரண்டு பேரும் இளைத்தால் நல்லதுதான்.

அளவு, அன்று போட்ட அளவு. இரண்டு பாக்கெட், நானூறு கிராம் என்று வக்கீலுக்கு எழுது. ஏன் என்று கேட்டால் அங்கே வந்து சொல்கிறேன் என்று சொல். உனக்கும் இப்போதைக்கு அவ்வளவுதான்.

ஷ்யாமளா

*

டீனகாவின் அப்பா வீடு, ஹாலந்து,
11 ஜூன் 1986

அன்புள்ள பசுபதிக்கு,

முடிவை நேற்றே டீனகா போனில் சொல்லியிருப்பாள். இரண்டு நிமிஷம்தான் பேச முடிந்தது என்றாள். மீதியை நான் எழுத வேண்டும். சிலதைப் போனில் உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த ஊரில் மனுஷர்களைவிட மாடு அதிகம். வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், நம் ஊர்ப் பாசன வாய்க்கால் அகலம்தான். அதில்தான் இவள் நாலு வயதில் ஒரு சமையலறை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஸ்கேட் பழகினாளாம். அப்பா சொன்னார், இவள் இங்கிலீஷாக்கிச் சொன்னாள். பதினேழு வயதில் ஜூனியர் பட்டம், இருபத்திரண்டில் நாட்டுக்கே சாம்பியன், பிறகு முழங்கால் ஆபரேஷன், எல்லோரும் கைகழுவிவிட்ட பிறகு மில்வாக்கிக்குத் தனியாக வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அங்கேதான் நீ ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நின்றிருக்கிறாய். இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

விசாரணை அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் ஒரு வயதான அம்மாள், ஓய்வு பெற்ற நீதிபதி. நான் பட்டுப்புடவையும் அதன் மேல் மழைக்கோட்டுமாக உட்கார்ந்திருந்தேன். ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னேன். லேப் பாஷை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிறகு அந்த கெமிஸ்ட் எழுந்தார். மரியாதையானவர்தான்.

"மேடம், ஆறு பேருக்கு மூன்று ஸ்பூன் என்று புத்தகத்தில் இருக்கிறது. நீங்கள் நானூறு கிராம் என்கிறீர்கள். எந்த ஊரில் அப்படிப் போடுவார்கள்?"

"எந்த ஊரிலும் போட மாட்டார்கள்" என்றேன்.

"அப்படியானால் உங்கள் தம்பி மனைவியைக் காப்பாற்றுவதற்காக இந்த அளவைச் சொல்கிறீர்கள் என்று நான் நினைக்கலாமா?"

வக்கீல் முகம் வெளுத்துவிட்டது. டீனகா என்னைப் பார்த்தாள். அப்போதுதான் சொன்னேன், பசுபதி. உன்னிடம் சொல்லாததை முன்பின் தெரியாத மூன்று பேரிடம் சொன்னேன்.

என் தம்பி கல்யாணத்துக்கு நான் போகவில்லை என்றேன். பெண்ணுக்கு ஜுரம் என்று போன் பண்ணினேன், ஜுரம் இல்லை. அன்று அவள் கொல்லையில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தாள், நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னேன். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை எங்கள் வீட்டுப் பெண் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டரை வருஷம் வரவில்லை. எங்கள் வீட்டில் புது மருமகளுக்கு முதல் சாப்பாடு போடும்போது கசகசா பாயசம் வைப்போம். கசகசா விலை ஜாஸ்தி. அதனால் பாயசம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று பார்த்தே, அந்தப் பெண்ணுக்கு இந்த வீட்டில் என்ன மரியாதை என்று பந்தியில் இருக்கிறவர்கள் பேசிக்கொள்வார்கள். கல்யாணத்தில் நான் செய்ய வேண்டிய பாயசம் அது. இந்த ஜனவரியில் அவர்கள் வந்த அன்று சாயங்காலம் மூன்று ஸ்பூன்தான் ஊறப் போட்டேன். அதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு பாக்கெட்டைக் கொட்டினேன். அதுவும் போதவில்லை. இரண்டாவதைப் பிரிக்கும்போது பாயசம் கூழாகப் போகிறது என்று நன்றாகத் தெரியும். பிரித்தேன். இவ்வளவையும் இங்கிலீஷில் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை தமிழ் வந்துவிட்டது. யாரும் நிறுத்தவில்லை.

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "மன்னிப்பு கேட்பதற்கு உங்கள் மொழியில் வார்த்தை இல்லையா?"

"இருக்கிறது மேடம். எனக்குச் சொல்லிப் பழக்கமில்லை" என்றேன்.

கெமிஸ்ட் உட்கார்ந்துவிட்டார். எங்களை வெளியே அனுப்பிவிட்டு முக்கால் மணி நேரம் பேசினார்கள். தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்சு. டீனகா என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை ஆண்பிள்ளைக் கைபோல் காய்த்திருக்கிறது. திரும்பக் கூப்பிட்டார்கள். தடை நீக்கப்பட்டது, ஜனவரிப் பந்தயத்தின் முதலிடம் அவளுடையதே, சங்கம் அதைப் பேப்பரில் வெளியிடும் என்று படித்தார்கள். எனக்கு முதல் வரிக்குப் பிறகு ஒன்றும் காதில் விழவில்லை, மீதியை டீனகாதான் பிறகு சொன்னாள். டீனகா என்னைத் தூக்கியே விட்டாள். நான் நூற்றைம்பது பவுண்டு.

பசுபதி, அன்றைக்கு ஜுரம் இல்லை. நான் வந்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு. பார், எழுதிவிட்டேன்.

அக்கா

*

சான் ஹோசே,
29 ஜூன் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை டீனகாவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தினேன். ஜுரம் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீ போன் பேசும்போது பின்னால் மீனாக்ஷி சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் அதைச் சொல்லாமல் இரண்டரை வருஷம் கோபத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

கோச் போன் பண்ணினார், ஒன்றுமே நடக்காததுபோல. டீனகாவும் ஒன்றுமே நடக்காததுபோலப் பேசினாள். பிறகு போனை வைத்துவிட்டு டச்சில் ஏதோ சொன்னாள், அர்த்தம் கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றாள். பார்க்கிங் லாட்டில் ஒரு சுற்றுக்கு இரண்டு செகண்டு குறைத்திருக்கிறாள். உலகப் பட்டம் பிப்ரவரியில். கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, கடிகாரம் சொல்கிறது.

இன்னொன்று. நீ எழுதிவிட்டாய், நானும் எழுதிவிடுகிறேன். பிப்ரவரியில் தந்தி வந்த அன்று உன்னிடம் மாத்திரை என்று கேட்டேனே, டீனகாவிடம் அதைவிடக் கேவலமாகப் பேசினேன். "அக்கா வேண்டுமென்றே ஏதாவது கலந்திருப்பாள், அவளுக்கு உன்னைப் பிடிக்காது" என்றேன். என் வாயால் சொன்னேன். டீனகா என்னை வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லாதது ஆச்சரியம். "இனிமேல் இதை என் முன்னால் சொல்லாதே" என்றாள். ஏன் அவ்வளவு நிச்சயம் என்று அன்று நான் கேட்கவில்லை. நேற்று உன் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு கேட்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீ தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாய். நான் உன் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு கிண்ணத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது. இரண்டாவதையும் சாப்பிட்டேன். கிண்ணத்தை வைத்தபோது அவர் கரண்டியோடு நின்றார். வேண்டாம் என்று சொன்னால் அழுதுவிடுவார் போலிருந்தது. அதனால் நானே கேட்டு வாங்கினேன். எனக்கு அந்த வீட்டில் ஒரு இடம் வேண்டும் பசுபதி, பந்தயத்தைவிட அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது."

டிசம்பர் ஆறாம் தேதி ஹாலந்தில் அவளுக்கு முதல் பந்தயம். என் கிரீன் கார்டு அதற்குள் வந்துவிடும் என்கிறார்கள். வராவிட்டால் நான் இங்கே ரேடியோவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மைதானத்து ஓரத்தில் சுற்றுக்குச் சுற்று நேரத்தை எழுதிக் காட்ட வீட்டு மனுஷர் ஒருவர் நிற்கலாம். அந்த இடத்துக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவே இல்லை.

பசுபதி